'நார்மல்' ரிப்போர்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் காது கோளாறு

தொழிற்சாலைகளிலிருந்து வரும் காது பரிசோதனை ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் 'நார்மல்' என்றுதான் எழுதியிருக்கும். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த ஆடியோகிராம் (எந்தச் சுருதியில் எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எங்கே என்று கேட்டால்தான் ஃபைலைத் தேட ஆரம்பிப்பார்கள்.

அது ஏன் வேண்டும்? ஒருவருக்குச் சேரும்போது 4000 ஹெர்ட்ஸ் சுருதியில் 5 டெசிபல் சத்தம்கூடக் கேட்டது, இப்போது 25 டெசிபல் வைத்தால்தான் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 வரை நார்மல் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் மனிதர் 20 டெசிபலைத் தொலைத்துவிட்டாரே! இரைச்சல் முதலில் கை வைப்பது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான். வரைபடத்தில் அங்கே ஒரு பள்ளம் விழும்; 8000இல் கோடு மறுபடி மேலேறும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று அவர் சொல்வதற்குள் பள்ளம் அகலமாகியிருக்கும். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை.

அதனால்தான் அமெரிக்காவின் ஓஷா (தொழிலிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு) விதி, 'நார்மலா' என்று பார்ப்பதில்லை. முதல் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுகிறது. 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் அளவுகளின் சராசரி ஏதாவது ஒரு காதில் 10 டெசிபல் நகர்ந்தாலே எச்சரிக்கை. அந்த முதல் பரிசோதனைக்கு முன் 14 மணி நேரமாவது இரைச்சலில் இருந்திருக்கக் கூடாது. நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவரின் களைத்த காதை அடிப்படையாக வைத்தால், பின்னால் வரும் இழப்பு கணக்கிலேயே தெரியாது.

சரி, தடுப்பது எப்படி? எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு. இயர் பிளக் கொடுத்தாச்சு என்று நிர்வாகம் நிம்மதியாகிவிடுகிறது. பரிசோதனை அன்று பளபளவென்று புது பிளக் மாட்டி வருகிறவர்களும் உண்டு! நுரை பிளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது வெறும் அலங்காரம். இன்னொன்று: 30 டெசிபல் குறைக்கும் பிளக்கை எட்டு மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றி வைத்தாலே, மொத்தப் பலன் ஏறக்குறைய 12 டெசிபலுக்கு இறங்கிவிடும்.

டொலுயீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்களும் காதைக் கெடுக்கும். பெயின்ட் பிரிவை விட்டுவிடாதீர்கள். ஒரே பிரிவில் இரண்டு மூன்று பேருக்குக் கோடு இறங்கினால், முதலில் அந்த இயந்திரத்தைப் பாருங்கள்: தேய்ந்த பேரிங், கழன்ற மூடி, சைலன்சர் இல்லாத காற்றுக் குழாய் என்று ஏதாவது சிக்கும். அப்புறம், முதல் ஆடியோகிராமின் நகல் ஒன்றைத் தொழிலாளி கையிலும் கொடுங்கள். வேலை மாறினாலும் அது அவரோடு போகட்டும்.