எப்போது முடியும் என்று தெரியாத இசை: அட்வென்ச்சர் கேம் லூப்பின் உள்வேலை

சினிமாவுக்குப் பின்னணி இசை அமைப்பவருக்குக் காட்சியின் நீளம் முன்கூட்டியே தெரியும். 1 நிமிடம் 42 விநாடி என்றால் அந்த அளவுக்குள் இசையை ஏற்றி, இறக்கி, முடித்துவிடலாம். புதிர்களை அவிழ்த்துக் கதையை நகர்த்தும் அட்வென்ச்சர் கேமுக்கு இசை அமைப்பவருக்கு அந்தக் கணக்கே கிடையாது. பூட்டிய கதவின் முன் ஒரு விளையாட்டாளர் பத்தே விநாடி நிற்பார். சாவி எங்கே என்று புரியாத இன்னொருவர் அதே அறையில் 20 நிமிடம் சுற்றுவார். இருவருக்கும் ஒரே கோப்புதான், முடிந்ததும் மறுபடி தொடங்கி ஒலிக்கிறது. இப்படிச் சுற்றிவரும் இசைத் துண்டுதான் லூப். இந்த வகை இசையில் வரும் தொழில்நுட்பச் சிக்கல்கள் அநேகமாக எல்லாமே இந்த ஒரு நிலைமையிலிருந்து பிறப்பவை.

பொழுதுபோக்காக இத்தகைய கேம்கள் செய்பவர்களில் பெரும் கூட்டம் ஒன்று ஏஜிஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோவைச் சுற்றி வளர்ந்தது. பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் ஜோன்ஸ் 1997இல் டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருள் இது. பின்னாளில் அதன் மூல நிரலும் திறந்துவிடப்பட்டது. நியூயார்க்கின் வாட்ஜெட் ஐ கேம்ஸ் போன்ற நிறுவனங்கள் இதில் செய்த கேம்களை விற்கவும் செய்கின்றன. ஆனால் இதன் உயிர்நாடி, ஒரு மாதத்துக்குள் ஒரு சிறு கேமை முடித்துக் காட்டும் மேக்ஸ் போட்டி போன்ற கூட்டு முயற்சிகள்தான். ஓவியர் ஒரு நாட்டில், நிரல் எழுதுபவர் இன்னொரு நாட்டில், மெட்டுப் போடுபவர் மூன்றாவது நாட்டில் இருப்பார்கள். அப்படிப்பட்ட குழுவில் இசை எப்படி உருவாகி எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பார்ப்போம்.

1991இல் கிடைத்த விடை

இந்தச் சிக்கலுக்கு மிக அழகான விடை டிசம்பர் 1991இல் வெளியான மங்கி ஐலண்ட் 2 கேமில் இருக்கிறது. லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் சேர்ந்து ஐமியூஸ் என்ற இசை இயந்திரத்தை அதற்காக உருவாக்கினார்கள். வுட்டிக் என்ற ஊரில் கதாநாயகன் ஒரு கடைக்குள் நுழைந்தால் ஊரின் மெட்டு நிற்பதில்லை. பொருத்தமான இடம் வந்ததும் அந்தக் கடைக்குரிய வாத்தியத்துக்கும் சாயலுக்கும் மாறுகிறது. வெளியே வந்தால், மெட்டு அப்போது எங்கே இருந்ததோ அதற்கேற்ற இணைப்புத் துண்டு வாசிக்கப்பட்டு ஊர் மெட்டு தொடர்கிறது.

இது சாத்தியமானதற்குக் காரணம், அன்றைய கேம் இசை ஒலிப்பதிவாக இல்லாமல் மிடியாக இருந்தது. மிடி என்பது ஸ்வரக் குறிப்புத் தாள் மாதிரி: இந்த நேரத்தில், இந்த வாத்தியத்தில், இந்தச் சுரத்தை, இவ்வளவு அழுத்தமாக வாசி என்ற கட்டளை மட்டும்தான் அதில் இருக்கும். தாளில் எந்த வரியில் இருக்கிறோம் என்று கணினிக்கு எப்போதும் தெரியும். ஐமியூஸ் அந்தத் தாளில் அடையாளங்களை வைத்தது. கேம் 'இசையை மாற்று' என்று கேட்டால் உடனே மாற்றாமல், அடுத்த அடையாளம் வரும்வரை காத்திருந்து அங்கிருந்து தாவியது. லூகாஸ்ஆர்ட்ஸ் இதற்கு 1994இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது.

பிறகு குறுந்தகடு வந்தது, உண்மையான ஒலிப்பதிவு வந்தது, ஒலியின் தரம் எங்கேயோ போய்விட்டது. கூடவே அந்த நெகிழ்வும் போனது. ஒலிப்பதிவில் குழலும் தபேலாவும் ஒரே அலையில் கரைந்து கிடக்கின்றன. எங்கே வெட்டலாம் என்று அந்த அலையைப் பார்த்துக் கணினியால் சொல்ல முடியாது. அந்தக் கணக்கை இப்போது நாம்தான் போட்டுக் கொடுக்க வேண்டும்.

லூப்பின் இரு முனைகள்

16 பார் (தாளக் கட்டம்) நீளமுள்ள ஒரு மெட்டை எடுத்துக்கொள்வோம். வேகம் நிமிடத்துக்கு 90 பீட் (தாள அடி), ஒரு பாருக்கு 4 பீட். 44,100 ஹெர்ட்ஸ் பதிவில், அதாவது ஒலியலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து எழுதும் பதிவில், ஒரு பார் சரியாக 1,17,600 சாம்பிள் (அளவீடு). 16 பார் 18,81,600 சாம்பிள், அதாவது 42.67 விநாடி. எண்கள் மிச்சமில்லாமல் முழு எண்ணாக வந்தது தற்செயல் அல்ல. 90, 100, 120 போன்ற வேகங்கள் 44,100ஓடு ஒத்துப்போகும். 110ஐத் தேர்ந்தால் ஒரு பீட் 24,054.54... சாம்பிள் என்று பின்னத்தில் தொங்கும். ஒரு சாம்பிள் பிசகு காதுக்குத் தெரியாதுதான். ஆனால் நான்கு பேர் நான்கு மென்பொருளில் ஆளுக்கொரு அடுக்கை (ஒரே மெட்டின் தனி வாத்தியப் பகுதியை) ஏற்றுமதி செய்யும்போது, நீளம் முழு எண்ணாக இருந்தால் சரிபார்ப்பது ஒரு நொடி வேலை.

இப்போது இதை எம்பி3 ஆக்கினால் லூப் கெட்டுவிடும். எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட பெட்டிகளாகத்தான் அடுக்கும். 18,81,600ஐ 1,152ஆல் வகுத்தால் மிச்சம் விழுகிறது. கடைசிப் பெட்டியின் காலி இடம் நிசப்தத்தால் நிரப்பப்படும். போதாததற்கு, லேம் போன்ற குறியாக்கியும் (எம்பி3 ஆக்கும் மென்பொருள்) அதை வாசிக்கும் பகுதியும் சேர்ந்து தொடக்கத்தில் 1,105 சாம்பிள் தாமதத்தைச் சேர்க்கின்றன. மொத்தத்தில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 40 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு ஓட்டை. 90 வேகத்தில் கால் பீட்டின் நீளமே 166 மில்லி விநாடிதான். அதில் கால்வாசி நழுவினால் தாளம் தடுக்கி விழுவது யாருக்கும் கேட்கும். சில இசை இயக்கிகள் கோப்பின் தலைப்பில் உள்ள குறிப்பைப் படித்து இந்த நிசப்தத்தை வெட்டிவிடும். கேம் இயந்திரம் அதைச் செய்யும் என்று நம்பி இறங்க வேண்டாம். ஓஜிஜி வோர்பிஸ் என்ற இன்னொரு சுருக்கு வடிவக் கோப்பு தன் உண்மையான நீளத்தைச் சாம்பிள் கணக்கில் எழுதி வைத்திருப்பதால் இரு முனையும் ஒட்டும். அளவிலும் நஷ்டமில்லை: சுருக்காத ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்கு 10.6 மெகாபைட், 160 கிலோபிட் ஓஜிஜி 1.2 மெகாபைட்.

நீளம் சரியாக இருந்தும் ஒட்டுமிடத்தில் 'டிக்' என்று கேட்டால் காரணம் வேறு. கடைசிச் சாம்பிளில் அலை மேலேயும் முதல் சாம்பிளில் கீழேயும் இருந்தால் ஒலிபெருக்கியின் கூம்பு ஒரே கணத்தில் அங்கிருந்து இங்கே தாவ வேண்டும். அந்தத் தாவல்தான் அந்த டிக்.

இன்னொரு சிக்கல் ரிவெர்ப், அதாவது சுரம் நின்ற பிறகும் நீளும் எதிரொலி. 16ஆவது பாரின் கடைசிச் சுரம் கூடத்தில் எதிரொலித்து அடங்க 2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகப் பார் முடிவில் வெட்டினால் அந்த வால் அறுந்துபோய், கதவைச் சாத்தியதுபோல் இருக்கும். வால் முடியும்வரை விட்டு வெட்டினால் நீளம் கெடும். வழி இதுதான்: மெட்டை அடுத்தடுத்து இரண்டு முறை வைத்து, 17ஆம் பாரின் தொடக்கத்திலிருந்து 32ஆம் பாரின் முடிவுவரை மட்டும் ஏற்றுமதி செய்யுங்கள். முதல் சுற்றின் வால் இரண்டாம் சுற்றின் தலையில் ஏற்கெனவே கலந்திருப்பதால், முடிவும் தொடக்கமும் இயல்பாகப் பொருந்தும். டிக் சத்தமும் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். போகாவிட்டால், தன்போக்கில் அலையும் சின்தசைசர் ஏதாவது இரண்டு சுற்றிலும் வேறு வேறாக ஒலிக்கிறது என்று பொருள். ஒட்டுமிடத்தில் 5 முதல் 10 மில்லி விநாடி கிராஸ்ஃபேடு (ஒன்றைத் தாழ்த்தியபடியே மற்றொன்றை ஏற்றுவது) போதும். முதல் தடவை ஒலிக்கும்போது மட்டும் காரணமில்லாத ஒரு எதிரொலி தொடக்கத்தில் கேட்கும். அறை இருளிலிருந்து தெளியும் நேரத்தில் இசையையும் மெல்ல ஏற்றினால் அது மறைந்துவிடும்.

மாறும் இசை, மாறாத தாளம்

புதிதாகச் செய்பவர்களிடம் அதிகம் காணும் பிழை ஒன்று உண்டு. ஒவ்வொரு அறையின் தொடக்க நிரலிலும் 'இந்த இசையை வாசி' என்று எழுதிவிடுவார்கள். வீட்டின் கூடத்துக்கும் சமையலறைக்கும் ஒரே இசைதான். ஆனால் ஒவ்வொரு முறை கதவைத் தாண்டும்போதும் அது முதல் பாரிலிருந்து தொடங்கும். பத்துத் தடவை நடந்தால் முதல் நான்கு பார் மட்டும் பத்துத் தடவை கேட்கும். அந்தக் கோப்பு ஏற்கெனவே ஒலிக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் மட்டும் தொடங்க வேண்டும். ஒற்றை வரி நிரல், ஆனால் இசையமைப்பாளரின் பாதி உழைப்பு இதில்தான் நிற்கிறது.

ஐமியூஸ் செய்ததை இன்று ஒலிப்பதிவில் செய்ய எளிய வழி அடுக்குகள். ஒரே மெட்டின் பாஸ் (கீழ்ச்சுரப் பகுதி), தாளம், மேல்மெட்டு மூன்றையும் சாம்பிள் பிசகாமல் ஒரே நீளத்தில் தனித்தனிக் கோப்பாக்குங்கள். மூன்றையும் நிரலில் அடுத்தடுத்த வரிகளில், ஒரே நேரத்தில் தொடங்குங்கள். தேவைப்படாததன் ஒலியளவு 0. சமையலறைக்குள் போனால் தாளத்தை ஏற்றுங்கள், மாடிக்குப் போனால் இறக்குங்கள். தேவைப்படும்போது தொடங்கிக்கொள்ளலாம் என்று ஒரு அடுக்கை விட்டுவைத்தால் அது மற்றவற்றோடு சேராது. ஏனென்றால் ஏஜிஎஸ் வழக்கமாக விநாடிக்கு 40 முறைதான் நிரலைச் சுற்றுகிறது. 25 மில்லி விநாடிக்குக் குறைந்த இடைவெளி அதன் கைக்கு எட்டாது.

ஒரு இசையிலிருந்து முற்றிலும் வேறொன்றுக்குப் போக வேண்டுமானால் பார் எல்லையைப் பிடிக்க வேண்டும். ஓஜிஜி கோப்பு எத்தனையாவது மில்லி விநாடியில் இருக்கிறது என்று ஏஜிஎஸ் சொல்லும். 90 வேகத்தில் ஒரு பார் 2,666.67 மில்லி விநாடி. அதை 2,667 என்று முழுமையாக்காமல், கிடைத்த எண்ணை 3ஆல் பெருக்கி 8,000ஆல் முழு எண்ணாக வகுத்தால் தற்போதைய பார் எண் பிழையின்றி வரும். நிரலின் சென்ற சுற்றில் 6, இந்தச் சுற்றில் 7 என்றால் எல்லை தாண்டியாயிற்று, மாற்றலாம். இதிலும் 25 மில்லி விநாடிவரை தாமதம் வரும். அதனால் புதிய இசை டிரம் அடியோடு தொடங்கக் கூடாது. மெதுவாக எழும் வயலின் கூட்டத்தோடு தொடங்கினால் அந்தத் தாமதம் காதில் விழாது.

கிராஸ்ஃபேடு செய்யும்போது நடுவில் ஒலி பள்ளத்தில் இறங்கி ஏறுவதாகத் தோன்றுவதற்கும் கணக்கு இருக்கிறது. தொடர்பில்லாத இரண்டு இசைகளை நடுப்புள்ளியில் ஆளுக்குப் பாதி அளவில் வைத்தால் மொத்த ஆற்றல் 3 டெசிபெல் குறைகிறது. 50 வீதத்துக்குப் பதிலாக 71 வீதம் வைத்தால் சமமாகும்.

வசனம் வரும் இடத்தில் இசையின் அளவைக் குறைப்பது மட்டும் போதாது. பேச்சைப் புரியவைக்கும் மெய்யெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதே இடத்தில் மின்னும் கிதாரோ பியானோவோ இருந்தால் சொற்கள் மங்கும். இசையில் அந்தப் பகுதியை 3 டெசிபெல் தாழ்த்துவது, மொத்த இசையையும் பாதியாக்குவதைவிட நல்ல பலன் தரும்.

சிக்கிக்கொண்டவரின் காது

42 விநாடி லூப், 20 நிமிடம் மாட்டிக்கொண்ட விளையாட்டாளருக்கு 28 முறை கேட்கும். எனவே மனத்தில் பசைபோல ஒட்டும் பெரிய மெட்டு இங்கே எதிரி. ஒவ்வொரு 8 பாருக்கும் 'முடிந்தது' என்று சொல்லும் அழுத்தமான முடிவும் எதிரிதான். அது சுற்று முடிந்ததை எண்ணிக் காட்டிக்கொண்டே இருக்கும்.

வெவ்வேறு நீளமுள்ள அடுக்குகள் இதற்கு நல்ல மருந்து. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல: 8 எண்ணிக்கைச் சுழற்சியின் மேல் 7 எண்ணிக்கைச் சுழற்சியை ஓடவிட்டால் இரண்டும் 56ஆவது எண்ணிக்கையில்தான் மறுபடி சமத்தில் சந்திக்கும். அதேபோல 8 பார் பாஸின் மேல் 7 பார் மணியோசையை ஓட விடுங்கள். 90 வேகத்தில் 8 பார் வெறும் 21 விநாடி. சேர்க்கையோ 56 பார் கழித்து, சுமார் 149 விநாடியில்தான் திரும்ப வரும். எந்த இடத்தில் மோதினாலும் அபசுரம் வராமல் இருக்க, மணிக்கு ஐந்து சுரம் கொண்ட அளவிலிருந்து மட்டும் எடுங்கள்.

தொலைவில் இருக்கும் குழுவோடு யோசனையைப் பகிரும்போது, மெருகேற்றிய மூன்று நிமிடத்தை அனுப்புவதைவிடப் பியானோவில் போட்ட 8 பார் வரைவு உதவும். வேகம், சுருதி, எந்த அறை, எங்கே மாறலாம் என்ற குறிப்பு கூடவே போகட்டும். மிடியாக அனுப்பினால் அடுத்தவர் கைவைத்து வளர்க்க முடியும். ஆனால் மிடி ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கும்; எந்தச் சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகளின் தொகுப்புக் கோப்பு) என்று சொல்லி, ஒரு ஓஜிஜி வடிவத்தையும் இணையுங்கள். உரிமத்தை முதல் நாளே எழுதிவிடுவது நல்லது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் வணிகத்துக்கு இல்லை என்ற வகையைத் தேர்ந்தால், பிறகு அந்த கேமை விற்க நினைக்கும் குழு மறுபடி அனுமதி கேட்க வேண்டிவரும். திருத்தத்துக்கு இல்லை என்ற வகையில் மெட்டை மாற்றி அமைத்து வெளியிடவே முடியாது. விலைக்கு வாங்கிய பல வாத்தியத் தொகுப்புகள் முழு இசையை அனுமதித்தாலும், தனிச் சுரங்களாகப் பிரித்துப் பகிர்வதைத் தடுக்கின்றன. அடுக்குகளைக் கொடுக்கும்முன் அந்த ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

கருத்துக் கேட்கும்போது கோப்பை மட்டும் கொடுத்து 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். காலடி ஓசையோடு ஒரு பாத்திரம் நடக்கும் வெற்று அறையில் இசையைப் போட்டு, அந்த அறையையே அனுப்புங்கள். மேசை இழுப்பறையில் ஒரு புதிரை வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து அவர் ஒலியளவைக் குறைத்தாரா, எந்தப் பாரில் குறைத்தார் என்று மட்டும் கேளுங்கள்.