மெக்கன்சி என்று பெயர் இருந்தால் போதுமா?

போன வாரமும் ஒன்று வந்தது. தென்னிந்தியச் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி பற்றி ஒரு மாணவி எழுதிய நல்ல கட்டுரை. உச்சியில் படம்: ஆப்கான் உடையில் ஓர் அதிகாரி. பழைய படங்களுக்கு விவரம் எழுதுவதுதான் என் வேலை. இந்த ஒரு படத்தை எத்தனை தடவை திருத்துவது?

அது ஜேம்ஸ் சான்ட் 1842 வாக்கில் வரைந்தது. அதில் இருப்பவர் பெயரும் காலின் மெக்கன்சிதான். அவரும் மெட்ராஸ் ராணுவம்தான். ஆனால் 1806இல் பிறந்தவர், காபூலில் பிணையாகப் பிடிபட்டு மீண்டவர். சுவடி மெக்கன்சி 1821இலேயே காலமாகிவிட்டார். அந்த வருடம் கட்டுரையின் முதல் பத்தியிலேயே இருந்தது!

நாம் தேடும் படம் தாமஸ் ஹிக்கி 1816இல் வரைந்தது. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சிவப்புக் கோட்டு, கூடவே இந்திய உதவியாளர்கள். ஒருவர் கையில் தொலைநோக்கி, ஒருவர் கையில் பனையோலை, பின்னால் குன்றின்மேல் சமணர் வணங்கும் பாகுபலியின் சிலை. பலர் உதவியாளர்களை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போடுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். இவர் எந்த மெக்கன்சி என்று சொல்வதே அந்த ஓலையும் தொலைநோக்கியும்தான்.

அடுத்து வரும் கேள்வி: தாமஸ் லாரன்ஸ் வரைந்த அலெக்ஸாண்டர் மெக்கன்சி இவருக்குத் தம்பியா? கனடாவைத் தரைவழியே கடந்து 1793இல் பசிபிக் கரையைத் தொட்டவர் அவர். இருவருக்கும் சொந்த ஊர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே. சரி, ஒரே ஊர், ஒரே பெயர். அதனால் உடன்பிறப்பாகிவிட மாட்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1844 வரை அந்தத் தீவு மெக்கன்சி தலைவர்கள் கையில் இருந்தது. அங்கே அந்தப் பெயர் தெருவுக்குத் தெரு கிடைக்கும். பெயரின் முன்னால் வரும் ‘மாக்’ அல்லது ‘மெக்’ என்றால் மகன். மெக்கன்சி என்றால் கென்னத்தின் மகன். நம் இனிஷியல் மாதிரித் தொடங்கியது, பிறகு அப்படியே நிலைத்துவிட்டது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் தலைவனை அண்டி வாழ்ந்த குடிகளும் அவன் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதில் ரத்த உறவு எங்கே வந்தது? மறுபுறம், மாக்ரெகர் என்ற பெயரையே 1603இல் தடை செய்தார்கள். தடை முழுதாக நீங்கியது 1774இல். இடையில் ஒரே குடும்பத்தார் வேறு வேறு பெயர்களில் வாழ்ந்தார்கள். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் சொந்தக்காரனை விட்டுவிட்டு அந்நியனைச் சேர்த்துக்கொள்வோம்.

மெக்கன்சிகள் எல்லாம் ஒரே வம்சம் என்பதற்குப் பெஞ்சமின் வெஸ்டின் 1786ஆம் ஆண்டு ஓவியத்தையும் ஆதாரமாக நீட்டுகிறார்கள். மான் பாய வரும்போது ஸ்காட்லாந்து அரசன் மூன்றாம் அலெக்ஸாண்டரைக் காலின் ஃபிட்ஸ்ஜெரால்ட் காப்பாற்றுகிறார். அவரே மெக்கன்சிகளின் மூதாதை என்பது கதை. அரசன் 13ஆம் நூற்றாண்டு. வரையச் சொன்னவர் ஐந்நூறு வருடம் கழித்து வந்த மெக்கன்சி குலத்தலைவர். அது குலப்பெருமைக்காக எழுந்த படம், வம்சாவளிக்குச் சான்றாகாது.

படம் எடுப்பவர்களே, முதலில் வரைந்த வருடத்தையும் ஆள் வாழ்ந்த காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஓவியர் யார், இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோப்புக்கு ‘மெக்கன்சி 1’ என்று பெயர் மாற்றிச் சேமிக்காதீர்கள். முழுக்குறிப்பும் அங்கேயே தொலைகிறது. ஆள் யாரென்று உறுதியில்லையா, அடையாளம் தெரியவில்லை என்றே போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நாங்களும் அப்படித்தான் எழுதுகிறோம்.

மாணவிக்கு ஹிக்கியின் படத்தை அனுப்பிவிட்டேன், உதவியாளர்களோடு முழுசாக.