கழுவாத கோப்பையும் சுட்ட சேதுக் காசும்

வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து ரீச்சர் ஒருவர் எழுதியிருக்கிறார். கண்காட்சிக்காகப் பிள்ளைகள் சேதுக் காசுக்குப் பிரதி செய்கிறார்களாம். யாழ்ப்பாண அரசர்கள் வெளியிட்ட செப்புக் காசு அது: படுத்திருக்கும் நந்தி, கீழே ‘சேது’ என்ற எழுத்து. ரீச்சரிடம் இருப்பதும் அசல் அல்ல, பித்தளையில் செய்த பிரதிதான். அதற்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசி, குளத்துக் களியில் அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் கரைத்து ஊற்றுகிறார்கள்.

முதல் முறை கோப்பையில் கரைத்தது ஆறுதலாக இறுகி, ஏழெட்டுக் காசு அழகாக வந்தது. இரண்டாம் முறை ஊற்றி முடிப்பதற்குள் பாதி கோப்பையிலேயே தடித்துவிட்டது. மூன்றாம் முறை கலக்கிய கரண்டியே உள்ளே சிக்கிக்கொண்டது. கோப்பையும் கையைச் சுட்டதாம்.

“கிணத்துத் தண்ணி சவர் சேர், அதாலயோ?” என்று கேட்கிறார் ரீச்சர். மாணவன் ஒருவனுடைய அம்மம்மாவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. “ராசாக்களின்ர காசு. அதைத் திருப்பிச் செய்தா சும்மா விடுமே?”

ரீச்சர் சொல்வதில் பாதி சரி. தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் பிளாஸ்டர் வேகமாக இறுகும். ஆனால் முதல் தடவையும் அதே கிணறு, அதே வாளி. மாறியது எது? நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டேன்: “கோப்பையைக் கழுவினீங்களா ரீச்சர்?” பதில் வந்தது: “கடதாசியால துடைச்சனாங்கள்.”

குற்றவாளி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜிப்சம் என்பது கல்சியம் சல்பேற்று. ஒவ்வொரு அலகோடும் இரண்டு நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும் கனிமம். அதை 150 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் அந்த நீரில் முக்கால் பங்கு ஓடிவிடும். மிஞ்சும் வெள்ளைத் தூள்தான் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ். பாரிஸ் நகரத்து மொன்மார்த்ரே குன்றில் ஜிப்சம் தோண்டினார்கள், பெயர் அப்படி வந்தது. தூளுக்கு மறுபடி தண்ணீர் கொடுத்தால் அது மறுபடி ஜிப்சம் ஆகும். சூடாக்கியபோது வாங்கிய வெப்பத்தில் ஒரு பங்கை அப்போது வெளியே விடும். இதெல்லாம் வகுப்பில் படித்ததுதான்.

வகுப்பில் பலருக்குப் பிழையாகப் பதிவது, பிளாஸ்டர் ‘காய்ந்து’ இறுகுகிறது என்பது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மிஞ்சிய கரைசலைத் தண்ணீரோடு சேர்த்துக் குசினித் தொட்டியில் ஊற்றினேன். தண்ணீர் நிறைந்த குழாய்க்குள் அது எப்படிக் காயும்? காயவில்லை, கல்லானது. குழாயை அறுத்து மாற்ற வேண்டி வந்தது.

சரி, கோப்பைக்குள் என்னதான் நடக்கிறது? ஒரு லீற்றர் தண்ணீரில் ஜிப்சம் ஏறக்குறைய 2.5 கிராம்தான் கரையும். பிளாஸ்டர் தூளோ அதைப் போல மூன்று மடங்கு கரையும். தூள் தாராளமாகக் கரைகிறது. கரைந்த பிறகு தண்ணீரோடு சேர்ந்து ஜிப்சமாக மாறப் பார்க்கிறது. ஜிப்சத்துக்கு அந்தத் தண்ணீரில் அவ்வளவு இடம் இல்லை. வெளியே வந்துதான் ஆகவேண்டும், ஊசி ஊசியான பளிங்குகளாக. ஊசி வளர வளரக் கரைசல் நீர்த்துப் போகும். அந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் தூள் கரையும், இன்னும் கொஞ்சம் ஊசி வளரும். 1880களில் இதை இப்படி விளக்கியவர் பிரெஞ்சு இரசாயனவியலாளர் லே சற்றலியர். உயர்தர வகுப்பில் சமநிலைத் தத்துவத்தோடு வந்து பிள்ளைகளை வாட்டுகிறாரே, அவரேதான்.

ஆனால் முதல் ஊசி பிறப்பது லேசல்ல. நாலைந்து மூலக்கூறுகள் ஒழுங்காக ஒட்டுவதற்குள் கலைந்துபோகும். மறுபடி ஒட்டும், மறுபடி கலையும். கரைத்த பிறகு சில நிமிடங்களுக்குக் கலவை ஒன்றுமே நடவாததுபோலக் கூழாகக் கிடப்பது இதனால்தான். நாம் ஊற்றுவதற்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

கழுவாத கோப்பை அந்த அவகாசத்தைத் தின்றுவிடுகிறது. எருமைத் தயிருக்கு உறை ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். நேற்றைய சட்டியில் ஒட்டியிருக்கும் தயிரே இன்றைய பாலுக்குப் போதும். தயிரில் இருப்பது உயிர், இங்கே உயிர் ஒன்றும் இல்லை. ஆனாலும் கோப்பையில் ஒட்டியிருக்கும் வெண்பொடி முழுவதும் ஏற்கெனவே பிறந்துவிட்ட ஜிப்சப் பளிங்குகள். புதிய கரைசல் முதல் ஊசிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை; பழைய ஊசிகளின் மேலேயே வளரத் தொடங்கிவிடும். கரண்டியால் கலக்கக் கலக்க அவை உடைந்து இன்னும் பெருகும். மூன்றாம் தடவை ஒட்டியிருந்தது இரண்டு தடவைப் பழசு. வேகமாக இறுகினால் வெப்பமும் சட்டென்று வெளியே வரும், கோப்பை சுடும். விளையாட்டாகக்கூடப் பிள்ளைகளைப் பெருந்தொகைப் பிளாஸ்டருக்குள் கையைப் புதைக்க விடாதீர்கள். இறுகிய பிறகு கையை இழுக்க முடியாது, தீக்காயமே வரும்.

எனக்கு இதிலே ஆகப் பிடித்த விசயம் இனித்தான். விளாத்தி முள்ளை வெட்டி வண்டியில் ஏற்றிய அனுபவம் உண்டா? ஒரு கொப்பை இழுத்தால் பத்துக் கொப்பு சேர்ந்து வரும். பிளாஸ்டரின் உறுதியும் அப்படிப்பட்ட கொழுவல்தான். கணக்குப்படி பார்த்தால், தூளும் நீரும் தனித்தனியே பிடித்த இடத்தைவிட ஜிப்சம் பிடிக்கும் இடம் குறைவு. ஆகவே காசு சுருங்க வேண்டும். சுருங்குவதில்லை! வளரும் ஊசிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ள, நடுவே வெற்றிடம் விழுந்து, மொத்தக் கட்டி ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு வீங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வீக்கம்தான் பிளாஸ்டரை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் அழுத்துகிறது. நந்தியின் திமிலும் ‘சே’யின் கொம்பும் மழுங்காமல் வருவது அதன் புண்ணியம்.

பிரதி ஏன் இவ்வளவு பாரமில்லாமல் இருக்கிறது என்றும் ரீச்சர் கேட்டிருந்தார். 100 கிராம் தூள் ஜிப்சமாக மாற 19 கிராம் தண்ணீர்கூடத் தேவையில்லை. ஊற்றக்கூடிய பதத்துக்காக நாம் 60, 70 கிராம் விடுகிறோம். மிச்சம் முழுவதும் பிறகு ஆவியாகிப் போக, உள்ளே நுண்துளைகள் மிஞ்சும். பாரம் குறைவதும், வர்ணத்தைக் குடிகுடியென்று குடிப்பதும் அதனால்தான். இரண்டு நாள் காயவிட்டுப் பூசுங்கள்.

பிரதி சேர்ப்பதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. 1863 இல் இத்தாலியின் பொம்பெயியில் தொல்லியலாளர் பியோரெல்லி, எரிமலைச் சாம்பலுக்குள் உடல்கள் உக்கிப்போய் விட்ட வெற்றிடங்களில் பிளாஸ்டரை ஊற்றித்தான் அந்த மனிதர்களின் கடைசிக் கணத்தை எடுத்தார். லண்டனில் 1873 இல் இருந்து பிரதிகளுக்கென்றே பெரிய மண்டபங்கள் இருக்கின்றன; ரோமாபுரியின் திராயன் தூணே அங்கே இரண்டு துண்டாக நிற்கிறது, பிளாஸ்டரில். என் அலுமாரியில் 1980 இல் ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரையின் பிரதி இருக்கிறது. பக்கத்திலே கோவலன் கூத்துக்குச் செய்த ஒரு சிலம்பு. வன்னியில் அந்தக் கதை தெரியாத வீடு இல்லை. அசலையும் மற்றதையும் பிரித்தறிய உடைத்துப் பார்க்க வேண்டி வந்த கதையல்லவா அது! உள்ளே மாணிக்கமா, முத்தா? என்னுடையதை உடைத்தால் புளியங்கொட்டைதான் தெறிக்கும்.

அம்மம்மாவிடம் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம் அரிசியை இழுக்கும் செப்புக் காசு என்று சொல்லி இலட்சக்கணக்கில் கறப்பவர்கள் மேலும், புதையல் என்று இரவில் பழைய மேடுகளைக் கிண்டுபவர்கள் மேலும்தான். தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940 இலேயே வந்துவிட்டது. கிண்டுவது நிற்கவில்லை. நல்ல பிரதிகள் அடங்கிய பெட்டி ஒன்று, வன்னியில் ஒவ்வொரு பாடசாலைக்கும் கொடுக்க என்ன செலவாகும்? ஒரு திறப்புவிழாவின் பந்தல் காசுக்குள் எத்தனையோ பெட்டி அடங்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அசலைப் பிள்ளை தடவிப் பார்க்க முடியாது.

ரீச்சருக்கு இரண்டு வரி எழுதினேன்: வளையக்கூடிய றப்பர்க் கோப்பை வாங்குங்கள், பிசைந்தால் ஒட்டியதெல்லாம் உதிரும். காசு ஈரமாக இருக்கும்போதே பின்பக்கத்தில் ஆணியால் ‘பிரதி’ என்று கீறிவிடுங்கள்.

நேற்றுப் பதில் வந்தது. அம்மம்மாவின் பேரன் கழுவிய கோப்பை ஒன்றும் கழுவாத கோப்பை ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைத்தொலைபேசியில் நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறானாம். கண்காட்சியில் காசுக்குப் பதிலாகக் கோப்பைகளை வைக்கலாமா என்று கேட்கிறான்.