தினம் ஒரு செம்பு தண்ணி

ஐப்பசியில் பிசான நெல்லுக்குத் தொழி அடிக்க, அதாவது வயலைச் சேறாக்கி உழ, தொடங்கினால் என் பட்டறை வாசலில் மினி டிராக்டர்கள் வரிசை கட்டிவிடும். பெரும்பாலும் ஒரே புகார்தான்: "வண்டி கொதிக்குது."

போன தடவை சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஓர் அண்ணாச்சி வந்தார். வாழைக்குள்ளும் வயலிலும் ஓட்டுகிற பழைய 18 எச்.பி. வண்டி.

"தண்ணி குறையுமா அண்ணாச்சி?"

"அதெல்லாம் கவனமாப் பாத்துக்கிடுவேன் தம்பி. தினம் காலைல ஒரு செம்பு ஊத்திருதேம்லா."

அவர் பெருமையாகச் சொன்னதுதான் வண்டியின் நோய். தண்ணீரை ஆறவைக்கிற ரேடியேட்டர், ஹோஸ், இன்ஜின் எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய சுற்று. தினம் ஒரு செம்பு குறைகிறதென்றால் அது எங்கேயோ போகிறது. எங்கே என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் இன்னொரு கேடும் சேரும். ஒரே தண்ணீர் சுற்றினால் அதிலுள்ள உப்பு ஒருமுறை படிந்ததோடு சரி. தினம் புதுத் தண்ணீர் என்றால் தினம் புது உப்பு. ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்து போர் தண்ணியில் வெந்நீர்ப் பானை அடியில் வெள்ளையாகக் காரை பிடிக்குமே, அதேதான் ரேடியேட்டர் டியூப்புக்குள்ளும் பிடிக்கிறது. கன்னடியன் கால்வாய்த் தண்ணி ருசியாக இருக்கலாம். அதிலுள்ள வண்டல் ரேடியேட்டரின் அடித்தொட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அண்ணாச்சி வண்டியில் தண்ணீர் போன வழி ரேடியேட்டர் மூடி. அதை வெறும் மூடி என்றே பலரும் நினைக்கிறார்கள். 0.9 என்று போட்ட மூடி, உள்ளே அவ்வளவு பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அதனால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 118 வரை தாங்குகிறது. ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் 100-லேயே கொதித்து ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் போய்விடும். தொழிக்குள் ஓடும்போது கீழே எல்லாமே தண்ணி, யார் கண்ணில் படும்? புது மூடி ஒரு வாழைத்தார் விலைகூட இல்லை. ஆனால் அதற்குள் டியூப் பாதி அடைத்திருந்தது. கம்பி விட்டு எடுக்க இரண்டு நாள் ஆனது.

மூடி நன்றாக இருந்தும் குறைகிறதா? வாட்டர் பம்ப் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் சொட்டினால் பம்பின் சீல் போய்விட்டது. எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். வெளியே எங்கும் ஒழுகவில்லை, ஆனால் ரேடியேட்டருக்குள் குமிழி வருகிறது, புகை வெள்ளையாக இருக்கிறது, ஆயில் பால் கலந்தாற்போல் இருக்கிறது என்றால் இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

சூடு காட்டுகிற மீட்டரின் முள் கீழே இருக்கிறது என்றும் நம்பிவிடாதீர்கள். தண்ணீர் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் சும்மா கிடக்கும்.

இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி எறிவது எங்கள் தொழிலில் உள்ள கெட்ட பழக்கம். எங்களையேதான் சொல்கிறேன். அது இல்லாமல் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது. டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

சேறு காய்ந்து அடைத்த ரேடியேட்டர் தகட்டுப் பின்னலை விசிறிப் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி லேசான தண்ணீரால் கழுவுங்கள். பவர் வாஷ் வைத்தால் தகடு மடங்கிவிடும். கொதித்து நின்ற வண்டியின் மூடியை உடனே திறக்காதீர்கள். முகம் வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். பச்சைத் தண்ணியை அப்படியே ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம்.

"நம்ம ஊர்ல பனியா உறையுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்பார்கள். கூலண்ட் என்பது ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற திரவம். குளிர் ஊர்களில் தண்ணீர் உறையாமல் காக்கும். இங்கே அது துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும்தான். டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வடித்த பழைய கூலண்டைத் திறந்த சட்டியில் விடாதீர்கள். இனிக்கும், ஆனால் விஷம். தோட்டத்து நாய் நக்கிவிடும். அன்றைக்கே கேனில் ஊற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மூடி வையுங்கள்.