கிதுஷின்: யூத மண மோதிரத்தோடு வரும் சொல்

யூதத் திருமணத்தில் மணமகன் மோதிரத்தைக் கையில் எடுத்து, ‘ஹரே அத் மெகுதெஷெத் லீ’ என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைச் சொல்வான். ‘இதோ, இந்த மோதிரத்தால், மோசே, இஸ்ரவேல் நெறிப்படி, நீ எனக்கு...’ என்பது வரை தமிழில் சிரமமில்லாமல் வந்துவிடும். மிச்சமிருப்பது மெகுதெஷெத். அதன் பெயர் வடிவம்தான் கிதுஷின், யூத மணத்தின் முதல் கட்டச் சடங்கு.

இதன் வேர் க்-த்-ஷ் என்ற மூன்று மெய்கள். ‘புனிதம்’ என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், ஆனால் வேருக்குள் இருப்பது பிரித்து வைத்தல். கோவிலுக்கென்று ஒதுக்கிய பொருளுக்கு எபிரேயத்தில் ஹெக்தேஷ் என்று பெயர். அதுவும் இதே வேர்தான். ஹெக்தேஷ் எப்படி மற்றவர் தொடக்கூடாததோ, அப்படி இந்தப் பெண் இனி உலகத்தார் எல்லோருக்கும் விலக்கு என்று யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் சொல்கிறது. நம் வீடுகளில் வேண்டுதலுக்கென்று மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தடியில் வைப்பார்கள். பால்காரருக்குச் சில்லறை இல்லாவிட்டாலும் அந்த முடிச்சை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். ஹெக்தேஷ் அந்த மாதிரி.

கிதுஷினை ‘நிச்சயதார்த்தம்’ என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். நிச்சயம் முறிந்தால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். கிதுஷின் நடந்துவிட்டால் மணவிலக்கு இல்லாமல் பிரிய முடியாது. மத்தேயு நற்செய்தியில் மரியாள் யோசேப்புக்கு ‘நியமிக்கப்பட்டிருக்கையில்’, இருவரும் கூடி வருமுன்னே, அவர் அவளைத் தள்ளிவிட நினைத்தார் என்று வருகிறதே, கல்யாணமே ஆகாமல் தள்ளிவிடுவது எப்படி என்று பலர் கேட்பதுண்டு. அங்கே நடந்திருந்தது கிதுஷின். மனைவியாக வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் ‘நிசுயின்’தான் பாக்கி. அந்தக் காலத்தில் இரண்டுக்கும் நடுவே ஓராண்டு வரை இடைவெளி இருந்தது. பிற்பாடு, இடைக்கால நூற்றாண்டுகளில், இரண்டையும் ஒரே பந்தலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘மணநேர்வு’ என்பேன். சாமிக்கு நேர்ந்துவிடுவதும் நேர்தல், சம்மதிப்பதும் நேர்தல். பெண்வீட்டார் மணத்துக்கு இசைந்ததைச் சங்கப் பாடல்களின் கூற்றுக் குறிப்புகள் ‘வரைவு நேர்ந்தமை’ என்றே சொல்கின்றன. பெண்ணின் சம்மதம் இல்லாமல் கிதுஷின் செல்லாது என்பதால், ஒதுக்குதல், இசைதல் என்ற இரு பொருளும் இங்கே வேண்டும். ‘நீ எனக்கு நேர்ந்தவள்’ என்றால் இரண்டும் கிடைக்கின்றன.

இனி மோதிரம். எபிரேயத்தில் தபாஅத். அழுத்திப் பதித்தல் என்ற பொருளுள்ள வேர் இது. பார்வோன் கழற்றி யோசேப்புக்குப் போட்டதும் தபாஅத்தான், தமிழ் வேதாகமம் ‘முத்திரை மோதிரம்’ என்று சரியாகவே எழுதியிருக்கிறது. நம் ‘கணையாழி’யும் அதுவே. நாணயத்துக்கான ‘மத்பேஅ’வும் இதே வேரிலிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஏனென்றால் கிதுஷினுக்கு மோதிரம் கட்டாயமே இல்லை. தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா, அது சொல்லும் வழிகளில் ஒன்று பணம் அல்லது பணம் பெறும் பொருள். எவ்வளவு என்பதில் பழைய யூதச் சட்ட அறிஞர்களின் இரு பள்ளிகள் வேறுபட்டன: ஷம்மாய் பள்ளியார் ஒரு வெள்ளி தினார் என்றார்கள், ஹில்லேல் பள்ளியார் ஒரு பெரூதா போதும் என்றார்கள். பெரூதா என்பது மிகச் சின்னச் செப்புக்காசு, அரை வாற்கோதுமை மணி எடை வெள்ளிக்குச் சமம். ஹில்லேல் பக்கமே நிலைத்தது. காசு இருந்த இடத்தில் பிற்பாடு மோதிரம் வந்து உட்கார்ந்தது.

மோதிரம் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் மற்ற விதிகள் தானாகப் புரியும். கல் வேண்டாம். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் ரப்பேனு தாம் இந்த வழக்கத்துக்குக் காரணம் சொன்னார்: கண்ணாடியை வைரம் என்று நம்பி அவள் சம்மதித்திருந்தால், அந்தச் சம்மதமே ஆட்டம் கண்டுவிடும். வேலைப்பாடில்லாத தங்க வளையத்தின் மதிப்பில் ஏமாற இடம் குறைவு. அப்புறம், மோதிரம் மணமகனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அம்மாவின் மோதிரம் என்றால் அம்மா முதலில் அதை அவனுக்கே கொடுத்துவிட வேண்டும், இரவல் கூடாது. பந்தலில் ரப்பி (யூத மதகுரு) இரண்டு சாட்சிகளிடம் அதை நீட்டி, ‘இது ஒரு பெரூதா பெறுமா?’ என்று கேட்பார். அவர்கள் ஆம் என்ற பிறகுதான் மணமகளின் வலது கை ஆள்காட்டி விரலில் ஏறும்.

கல் இல்லையென்றால் அழகு இல்லை என்று அர்த்தமில்லை. ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரில், 1349இல் நடந்த யூதர் படுகொலையின்போது புதைக்கப்பட்டு 1998இல் கிடைத்த புதையலில் ஒரு மண மோதிரம் இருந்தது. முழுக்கத் தங்கம், ஒரு கல்கூட இல்லை. உச்சியில் சின்னஞ்சிறு கோபுர வீடு. அதன் ஆறு பட்டைக் கூரையில் பட்டைக்கு ஓர் எழுத்தாக, ‘மஸல் தோவ்’ என்ற வாழ்த்தின் ஆறு எபிரேய எழுத்துகள். வீட்டுக்குள்ளே ஒரு தங்க உருண்டை கிடக்கிறது. மோதிரத்தை அசைத்தால் இன்றும் கிணுகிணுக்கிறது.