பிடிப்பு வேறு, கிழிவு வேறு

ஒரு கிரிக்கெட் பவுலருக்கு 'தசைப்பிடிப்பால் மூன்று வாரம் ஓய்வு' என்று டிவியில் எழுத்து ஓடியது. வியாசர்பாடி டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர், "பிடிப்புக்கு இன்னாத்துக்குபா மூணு வாரம்? நாலு ஓவர்ல அடி வாங்கினான்ல, அதான் சாக்கு" என்றார். பல சீசனாக இதே பேச்சு. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வரியை எழுதியவர்மேல்தான்.

அந்த வரியின் ஆங்கில மூலம் 'ஹாம்ஸ்டிரிங் ஸ்ட்ரெய்ன்'. ஹாம் என்றால் பழைய ஆங்கிலத்தில் முழங்காலின் பின்மடிப்பு, ஸ்டிரிங் என்றால் நாண். பின்தொடையின் மூன்று தசைகளையும், அவற்றை எலும்போடு கட்டும் நாண்களையும் சேர்த்துச் சொல்லும் பெயர் ஹாம்ஸ்டிரிங். 'ஸ்ட்ரெய்ன்' என்பது அந்த இழைகள் அளவுமீறி இழுபட்டுக் கிழிவது.

பிடிப்பு அதுவா? ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறதே, அதுதான் பிடிப்பு. பழைய தமிழில் குரக்குவலி. காலை நீட்டித் தேய்த்தால் சில நிமிடத்தில் விட்டுவிடும். கிழிவைத் தேய்த்தால் இன்னும் கெடும். 2021 சிட்னி டெஸ்டில் இந்திய பேட்ஸ்மேன் ஹனுமா விஹாரி பின்தொடை கிழிந்த காலோடு 161 பந்து நின்று 23 ரன் எடுத்து, அஸ்வினோடு சேர்ந்து தோல்வியைத் தடுத்தார். அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் அவர் இல்லை. அதைப் பிடிப்பு என்று எழுதினால் அந்த 161 பந்தும் சிறுத்துவிடும், அடுத்த டெஸ்டில் ஆடாததும் நாடகமாகத் தெரியும்.

சிலர் 'உபாதை' என்கிறார்கள். வயிற்றுக்கோளாறுக்கும் உபாதை, ஒன்றுக்குப் போவதற்கும் இயற்கை உபாதை. எந்த உறுப்பு, என்ன ஆனது என்று எதுவும் சொல்லாத சொல் எதற்கு? சரி, 'காயம்'? தவறில்லை. ஆனால் காயம் என்றதும் நம் ஆட்கள் ரத்தத்தையும் கட்டுத்துணியையும் தேடுகிறார்கள், காணோம் என்றதும் நம்ப மறுக்கிறார்கள்.

'பின்தொடைக் கிழிவு' என்று எழுதலாம். தசைப்பிடிப்பைவிட ஓர் எழுத்துதான் கூட. 'சதை கிழிஞ்சிருச்சு' என்று தெருவில் சரியாகத்தான் சொல்கிறார்கள். அகராதியைப் புரட்டுகிறவர்கள் அதற்குக் காது கொடுப்பதில்லை. தசைநார், தசைநாண், நரம்பு மூன்றையும் ஒன்றாகக் குழப்புகிறவர்களும் அவர்கள்தான்.

போன வருஷம் எங்கள் தெருப் பையன் ஃபுட்பால் ஆட்டத்தில் பாதியில் உட்கார்ந்தான். "பிடிப்புதான், ஓடுறா" என்றார்கள். நானும் சொன்னேன். மூன்றாம் நாள் பார்த்தேன், தொடையிலிருந்து முழங்கால் மடிப்புவரை கன்றிக் கருநீலமாக இறங்கியிருந்தது.