அடைமுட்டையும் குஞ்சும் வெளிநாடு போவதற்கு முன்னால் பண்ணையில் நடக்க வேண்டியவை

"டொக்டர், கட்டாரில மச்சான் இருக்கார். நம்மட கோழியில கொஞ்சம் அடைமுட்டை கேட்கிறார். ஒரு லெட்டர் அடிச்சித் தாங்களன்."

மட்டக்களப்பு மாவட்டத்தில் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் வேலை செய்யும் கால்நடை வைத்தியர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பவர் சில சமயம் வீட்டுப் பின்வளவில் இருபது அசில் கோழி வைத்திருப்பவர். சில சமயம் செங்கலடிப் பக்கம் கொட்டில் கொட்டிலாகத் தாய்க்கோழி வளர்ப்பவர். இரண்டு பேரும் சான்றிதழை ஒரே மாதிரித்தான் நினைக்கிறார்கள்: பெட்டி கட்டுவதற்கு முதல்நாள் வந்து வாங்கிக்கொண்டு போகும் கடதாசி. ஆனால் அந்தக் கடதாசியில் உள்ள வசனங்களில் பாதி, அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே பண்ணையில் நடந்திருக்க வேண்டிய விடயங்களைப் பற்றியவை. அவை நடக்காவிட்டால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் கையெழுத்து வைக்க வழியில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் நாங்கள் தருவது, பண்ணையை நேரில் பார்த்து எழுதும் அறிக்கை. வெளிநாட்டில் செல்லுபடியாகும் சுகாதாரச் சான்றிதழ் அதுவல்ல. அதைக் கொடுப்பது பேராதனை கெட்டம்பேயில் தலைமையகம் உள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தனிமைப்படுத்தல் பிரிவு. விமானத்தில் போவதென்றால் கட்டுநாயக்கவில் அவர்களுடைய கண்ணுக்கு முன்னால்தான் போக வேண்டும். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை.

இதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. வாங்குகிற நாட்டின் இறக்குமதி அனுமதி. மச்சான்தான் அங்கே விண்ணப்பித்து எடுத்து அனுப்ப வேண்டும். என்னென்ன நோய்க்குப் பரிசோதனை, எத்தனை நாள் தனிமை, எந்தத் தடுப்பூசி போடலாம், எதைப் போடக்கூடாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நாட்டுக்கு நாடு நிபந்தனை மாறும். ஓமானுக்கு அனுப்பினவரின் பழைய தாளைப் பார்த்து மாலைதீவுக்குத் தயாராக வேண்டாம். அனுமதிப் பத்திரம் கையில் இல்லாமல் இரத்தம் எடுக்கச் சொல்லி வருபவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எதைப் பார்ப்பதென்றே தெரியாமல் கோழியின் சிறகில் ஊசி குத்தி என்ன பலன்?

நிபந்தனைகள் வேறுபட்டாலும் அடித்தளம் பெரும்பாலும் ஒன்றுதான். பாரிஸில் இருக்கும் உலக விலங்கு சுகாதார அமைப்பு (பழைய ஆட்களுக்கு ஓ.ஐ.ஈ. என்றால்தான் தெரியும்) வெளியிடும் நிலவாழ் விலங்குச் சுகாதாரக் கோவை அது. ராணிக்கெட் என்று நாம் சொல்லும் நியூகாசில் நோய்க்கு அந்தக் கோவை நோயரும்பு காலமாக (கிருமி புகுந்ததிலிருந்து அறிகுறி தெரியும் வரையான காலம்) 21 நாளை எடுத்துக்கொள்கிறது. அதிதீவிரப் பறவைக் காய்ச்சலுக்கு 14 நாள். அதனால்தான் "முட்டை சேகரிப்பதற்கு முந்திய 21 நாளும் தாய்க்கோழிகள் நோயற்ற இடத்தில் இருந்தன" என்பது மாதிரி வசனங்கள் வருகின்றன. அந்த 21 நாளுக்குள் சந்தையில் வாங்கிய நாலு கோழியைக் கொட்டிலில் கொண்டுவந்து சேர்த்திருந்தால், மீண்டும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். ராணிக்கெட் நம்முடைய ஊரில் இல்லாத நோயும் அல்ல. ஆகவே வாங்குபவர்கள் பண்ணை பண்ணையாகத் தோண்டிக் கேட்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"கோழி போனால்தானே நோய் போகும், முட்டையில என்ன இருக்கு?" என்றும் கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது. வெள்ளைக் கழிச்சலை உண்டாக்கும் சல்மொனெல்லா புலோரம் தாயின் சூலகத்திலேயே குடியிருந்து, முட்டைக்குள் புகுந்து, குஞ்சோடு பொரித்து வெளியே வரும். நாள்பட்ட சளி நோய்க்குக் காரணமான மைக்கோபிளாஸ்மாவும் அப்படித்தான். தாய்க்கோழி பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், முட்டையும் இடும். பொரிப்பகத்தில் ஒரு தட்டில் வைத்த இரண்டு மூன்று முட்டை போதும். குஞ்சு உலரும்போது பறக்கும் பூந்தூளோடு கிருமி பெட்டி முழுக்கப் பரவிவிடும். குஞ்சுகள் சாகத் தொடங்குவது வாங்கினவரின் வீட்டில். அங்கிருந்து வரும் போன்தான் நமக்கு முதல் செய்தி.

புலோரத்துக்குக் கொட்டிலிலேயே செய்யும் பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு வெள்ளை ஓடு, சின்னப் போத்தலில் ஊதா நிற அன்டிஜன் (அந்தக் கிருமியிலிருந்து தயாரித்த பரிசோதனைத் திரவம்), ஒரு கம்பி வளையம், ஊசி. ஒருவர் கோழியைச் சரித்துப் பிடித்துச் சிறகை விரிப்பார். உட்பக்கத்து நாளத்தில் குத்தி, வருகிற ஒரு சொட்டு இரத்தத்தை ஓட்டில் உள்ள ஒரு சொட்டு அன்டிஜனோடு கலக்க வேண்டும். பிறகு ஓட்டை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் வரை பார்ப்போம். ஒன்றும் இல்லையென்றால் ஊதா ஒரே சீராக இருக்கும். நோயென்றால் திரிந்த பால் போல ஊதாக் கட்டிகள் பிரிந்து, இடையில் தெளிவு தெரியும். அந்தக் கோழியின் கால்வளைய இலக்கத்தைக் குறித்துக்கொண்டு தனியாக எடுத்துவிடுவோம், ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்த வேண்டும். பதினாறு வாரம் தாண்டிய கோழிக்குத்தான் இது சரியாக வரும். வாத்துக்கும் வான்கோழிக்கும் இந்த முறையை நம்ப முடியாது. அதனால் வாத்து முட்டை அனுப்ப விரும்புபவர்கள் நேரடியாக ஆய்வுகூட வழியில்தான் போக வேண்டும்.

இந்த இடத்தில் பண்ணைக்காரர்களோடு எனக்கு அடிக்கடி வாக்குவாதம் வரும். காரணம் மருந்து. கோழி கொஞ்சம் சோர்ந்தால் உடனே கடையில் வாங்கித் தண்ணீரில் அன்ரிபயோட்டிக் கலக்கிறோம். அடுத்த கிழமை மாதிரி எடுத்தால் கிருமி வளர்ப்பில் ஒன்றும் வராது. நோய் அங்கேயேதான் இருக்கும், மருந்தால் மறைந்திருக்கும். இப்படி வந்த "இல்லை" என்ற முடிவை வைத்துச் சான்றிதழ் எழுதினால் அது பொய்தான். மறுபக்கம், தடுப்பூசி போட்டதை எழுதி வைக்காததாலும் சிக்கல் வரும். கோழித் தைபோயிட்டுக்கு 9ஆர் ஊசி போட்ட கோழி புலோரம் ஓட்டில் நோயுள்ளதுபோலக் காட்டக்கூடும். எண்ணெய் கலந்த ஊசி போட்ட சூட்டோடு இரத்தம் எடுத்தால் மைக்கோபிளாஸ்மாப் பரிசோதனையும் ஏமாற்றலாம். ராணிக்கெட்டுக்கான லசோட்டா தடுப்பூசி போட்டதா, எந்தத் திகதி, போத்தலில் உள்ள தொகுதி இலக்கம் என்ன என்பதைக் கொப்பியில் எழுதுங்கள், வெற்றுப் போத்தலின் லேபிளையும் உரித்து அதிலேயே ஒட்டுங்கள். ராணிக்கெட் தடுப்பூசியின் வகையும் திகதியும் சான்றிதழோடு இணைந்து போகவேண்டியவை. "போன மாசம்போல போட்டது டொக்டர்" என்பதைச் சான்றிதழில் எழுத முடியாது.

மட்டக்களப்பு, அம்பாறை என்ற நமது மாவட்டங்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது வாவியைப் பற்றி. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை மட்டக்களப்பு வாவியிலும் பொத்துவில், குமண பக்கத்துக் களப்புகளிலும் ஊசிவால் வாத்து மாதிரி வலசைப் பறவைகள் இறங்கும். பறவைக் காய்ச்சல் வைரஸின் இயற்கை வீடே நீர்ப்பறவைகள்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல்வழியே மேயவிடும் வாத்துக்கூட்டமும், அதே வளவில் ஏற்றுமதிக்கென்று வளர்க்கும் கோழியும் ஒரே குளத்துத் தண்ணீரைக் குடித்தால் நான் பண்ணை அறிக்கையில் என்ன எழுதுவது? கொட்டிலுக்குச் சின்னக் கண் வலை, மூடிய தண்ணீர்த் தொட்டி, வாசலில் தனிச் செருப்பு. செலவு பெரிதாக இல்லை. உமியை ஆலையிலிருந்து கொண்டுவரும் சாக்கையும் கவனியுங்கள், வேறு பண்ணைக்குப் போய்த் திரும்பிய சாக்காக இருக்கலாம். இந்தியாவில் 2006 பெப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாபூரில் முதன்முதல் பறவைக் காய்ச்சல் வந்தபோது, நோய் கண்டது ஒரு மூலையில்தான். வாங்கும் நாடுகள் கதவைச் சாத்தினது முழு நாட்டுக்கும். ஒருவரின் கவலையீனத்துக்கு எல்லோரும் பணம் கட்டுகிற தொழில் இது.

பரிசோதனை எல்லாம் தேறிய பிறகு பொதி செய்வதில் கோட்டை விடுபவர்களும் உண்டு. பெட்டியும் தட்டும் புதிதாக அல்லது கிருமிநீக்கியதாக இருக்க வேண்டும் என்பது அலங்காரத்துக்கு எழுதிய நிபந்தனை அல்ல. மூலையில் காய்ந்த மஞ்சட்கருவும் ஒரு சிறு இறகும் ஒட்டிய பழைய அட்டைத் தட்டு போதும், தனிமைப்படுத்தல் நிலையத்தில் முழுப் பொதியும் நிற்கும். அழுக்கு முட்டையைப் பச்சைத் தண்ணீரில் கழுவிவிடவும் வேண்டாம். முட்டையை விடக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே சுருங்கி, ஓட்டிலுள்ள துளைகள் வழியே அழுக்கை உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். அழுக்கானதை ஒதுக்குங்கள், சுத்தமாக இட்டதை மட்டும் அனுப்புங்கள்.

அடைமுட்டையை 15 முதல் 18 பாகை செல்சியஸில் வைத்தால் ஒரு கிழமை தாங்கும். அதற்கு மேல் பொரிப்பு குறையும். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது இங்கே நிழலிலேயே கொதிக்கிறது. அந்த வெக்கையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துப்போகும். வெலிகந்தை, ஹபரணை வழியாகக் கட்டுநாயக்கவுக்குப் போவதென்றால் இரவில் கிளம்புவதுதான் புத்தி. ஒருநாள் குஞ்சென்றால் கணக்கு இன்னும் இறுக்கம். அந்தச் சுகாதாரக் கோவையின்படி பொரித்து 72 மணித்தியாலம் தாண்டாததுதான் ஒருநாள் குஞ்சு, வயிற்றில் மிஞ்சிய மஞ்சட்கரு அதைத் தாங்குவதும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். வெள்ளிக்கிழமை பொரித்துவிட்டுத் திங்கட்கிழமை கையெழுத்துக்கு வராதீர்கள்.

சூட்கேசில் உடுப்புக்கு நடுவே பத்திரிகையில் சுற்றிப் பத்து முட்டை கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. பிடிபட்டால் அழிப்பார்கள். அப்புறம், காட்டுக்கோழியோ அதன் முட்டையோ என்றால் என்னிடம் வரவே வேண்டாம். அது தேசியப் பறவை, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விடயம். அம்பாறைக் காட்டோரத்தில் கலப்பினம் என்று சொல்லி விற்பவர்களை நம்பி முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, கையெழுத்துக்கு வருவோம். சான்றளிக்கும் வைத்தியர் தனக்குத் தெரிந்ததற்கு மட்டுமே கையெழுத்திடலாம், வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் இடக்கூடாது, அந்தப் பொதியில் அவருக்குச் சொந்த இலாபம் இருக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. "எண்ணிக்கையைப் பிறகு போடுவோம், இப்ப சைனை வையுங்க" என்று கேட்பவர் என்னுடைய தொழிலைக் கேட்கிறார் என்றுதான் அர்த்தம். பெட்டி எத்தனை, முட்டை எத்தனை, எந்தப் பண்ணை என்பது அனுமதிப் பத்திரத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

சான்றிதழ் வந்துவிட்டது, விமானம் நாளை மறுநாள் என்ற நேரத்தில் கொட்டிலில் வழக்கத்தை விட நாலு கோழி அதிகமாகச் செத்தால், பச்சையாகக் கழிந்தால், முட்டை திடீரென்று இறங்கினால் அன்றைக்கே போன் பண்ணுங்கள். நோய் அறிகுறியை அறிவிப்பது உங்கள் சட்டக் கடமை. பொதி நிற்கும், கூலி நட்டம், மச்சான் கோபிப்பார், எல்லாம் உண்மைதான். செத்த கோழியைப் புதைக்காமல் இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து, என்னைக் கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். வருகிற வழியில் வேறு கோழிப் பண்ணைக்குள் போகாதீர்கள்.